ஒரு தட்டு, ரெண்டு தட்டு

பூச்சுக்காரர் வந்ததும் வராததுமாகச் சுவரில் காதை வைத்துவிட்டார். டீ போடட்டுமா என்று வீட்டுக்காரி சின்னவள் கேட்டதற்கு, பேசாதே என்று விரலைக் காட்டினார். மடக்கிய விரலால் ஒரு தட்டு தட்டுவார், கேட்பார், ஒரு சாண் நகர்ந்து மறுபடியும் ஒரு தட்டு. நல்ல இடத்தில் சத்தம் கெட்டியாக வந்தது. கெட்ட இடத்தில் காலி டின்னைத் தட்டினதுபோல் ஒலித்தது. கெட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்துக்கொண்டே போனதில், கடைசியில் சுவரில் பாதி அவருடைய வளையத்துக்குள் வந்துவிட்டது.

"இது செங்கல் சுவர் கிடையாதும்மா," என்றார் ஒருவழியாக. "உள்ள மரக்கால் நிக்குது. அது மேல ரீப்பர் பட்டைங்களை அடிச்சிருக்கான். பட்டைக்குப் பட்டை சின்னதா சந்து விட்டிருப்பான். கலவையை அழுத்தித் தேய்ச்சா அந்தச் சந்து வழியாப் போயி பின்னால மடங்கிக்கும். அந்த மடிப்புக்குப் பேருதான் பிடி. பிடி இருக்கிற வரைக்கும் அது சுவர். பிடி விட்டுப்போச்சுன்னா சும்மா சாஞ்சுக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான். உங்களுது பாதி சாஞ்சுக்கிட்டுதான் நிக்குது."

சாய்ந்து நிற்கிற பாதியைச் சின்னவள் பார்த்தாள். முந்தாநாள் சாயங்காலம் அதிலிருந்துதான் ஒரு துண்டு, கதவுப் பலகை அகலத்துக்குப் பெயர்ந்து, மகள் உட்கார்ந்து படிக்கிற நாற்காலிமேல் விழுந்தது. மகள் தண்ணீர் குடிக்க அப்போதுதான் எழுந்து போயிருந்தாள். நாற்காலியின் முதுகு முறிந்துபோயிற்று. டம்ளரும் கையுமாகத் திரும்பி வந்த பிள்ளை, அழக்கூடச் செய்யாமல், முறிந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பைச் சின்னவளால் மறக்க முடியவில்லை. நேற்று லாண்டிரியில் இஸ்திரி போடும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்து, யாருடையதோ ஒரு சட்டைக் காலரைக் கருக்கிவிட்டாள். முதலாளி வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

"எப்படிப் பிடி விட்டுச்சுன்னு நான் சொல்றேன்," என்று பின்கட்டிலிருந்து குரல் வந்தது. அவள் புருஷன். கம்பெனி வேன் ஓட்டுகிறவன். பூச்சுக்காரரின் ஆள் வராததால், இன்றைக்கு லீவு போட்டுவிட்டு, முழங்கால்வரை லுங்கியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, சுண்ணாம்பையும் மணலையும் நறுக்கின நாரையும் மிதித்துக் கலக்கிக்கொண்டிருந்தான். "அந்தப் பக்கம் எங்கண்ணன் இருக்கான். ரெண்டு மாசமா டொக்கு டொக்குன்னு ஆணி அடிக்கிறான். ஆணி அடிக்கவும் ஒரு கணக்கு இருக்குல்ல? வீட்டுல அத்தனை படமா மாட்டி வெச்சிருக்கான்? எம் பொண்ணு மண்டையில விழணும்னே அடிக்கிறான்."

"சும்மா இருங்க," என்றாள் சின்னவள்.

"நான் சும்மா இருந்ததாலதான் நாற்காலி போச்சு. அடுத்தது என்ன போகணும்?"

தெரு முனையில் இருக்கிற வீடு அது. ஒரு பாதிக்கு வாசல் பெரிய தெருவில். மறுபாதிக்கு வாசல் பக்கத்துச் சந்தில். அப்பா காலத்தில் சந்துப் பாதியை வாடகைக்கு விட்டிருந்தார்கள். பிறகு அது மூத்தவருக்கு, இது இளையவனுக்கு என்று ஆயிற்று. நடுவில் இந்தச் சுவர் ஒன்றுதான். தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

கேட்டுக்கொண்டும்தான் இருந்தார்கள், ஒரு காலத்தில். மூத்தவர் அச்சாபீஸில் மெஷின் ஓட்டுகிறவர். அவர் பெண்டாட்டியைச் சின்னவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி இருந்ததில் புருஷன்மார்களுக்கே கொஞ்சம் பொறாமை. மூத்தவரின் மகளுக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பற்றி விசாரிக்க இந்தப் பக்கம் வந்தார்கள். வேன்காரனுக்கு நாக்கு சும்மா இருக்காது. "பொண்ணு தங்கம். கோவம் மட்டும் எங்கண்ணன் மாதிரி. வீட்டுல பீங்கான் சாமான் வெச்சுக்காதீங்க," என்று சொல்லிச் சிரித்தான். வந்தவர்கள் சிரிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான்.

"இனி என் வாசப்படியை மிதிச்சே, காலை ஒடிச்சிருவேன்," என்றார் மூத்தவர்.

"நீ கூப்பிட்டாலும் மிதிக்க மாட்டேன். என் வீட்டுல ஒருத்தரும் மிதிக்க மாட்டாங்க," என்றான் இளையவன்.

அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில், தொலைவில், நல்லபடியாகவே கல்யாணம் நடந்தது. இந்தப் பக்கத்துக்குச் சொல்லி அனுப்பவில்லை. பந்தல்காரன் பேசினது, பாத்திரம் இறக்கினது எல்லாம் சுவர் வழியாகக் கேட்டது. சின்னவள் அன்றைக்கு முழுக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத் துவைத்த துணியையே துவைத்துக்கொண்டிருந்தாள்.

பூச்சுக்காரர் நெஞ்சு உயரத்திலிருந்து கீழ்நோக்கிப் பெயர்க்க ஆரம்பித்தார். வாய் ஓயாத மனுஷர், ஆனால் கை பூப்போல இருந்தது. தகட்டுக் கரண்டியைப் பூச்சுக்கும் பட்டைக்கும் நடுவே விட்டு நெம்பினால், துண்டு முழுசாக அவர் கைக்கு வந்தது. அதைச் சாக்கில் வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போவார். "முப்பது வருஷமா இந்த வேலை. ஒரு பட்டையை உடைச்சதில்லை. உடைச்சா அது கொத்து வேலை, பூச்சு வேலை இல்லை," என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டார். பழைய கலவையில் முடி கிடந்தது. அதைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "ஆட்டு முடி. நல்ல ஆடு."

இடுப்பு உயரத்துக்குக் கீழே வந்ததும் அவர் கை நின்றது.

"இதப் பாருங்க. மேல பிடியெல்லாம் தானா வயசாகி விட்டிருக்கு. இங்க கீழே ஒரே இடத்துல பொடிப்பொடியாப் போயிருக்கு. ரெண்டு பக்கப் பட்டையும் ஒரே மரக்கால்லதான் அடிச்சிருக்கு, அங்க தட்டினா இங்க அதிரும். ஆணின்னா ஆள் உயரத்துல இல்ல அடிப்பான்? முட்டி உயரத்துல யாரு படம் மாட்டுவா?"

"அவன் மாட்டுவான்," என்றான் வேன்காரன், கலவைச் சட்டியைக் கொண்டுவந்து தொப்பென்று வைத்து. "எம்மேல இருக்கிற கோவத்துக்குத் தரையிலகூட ஆணி அடிப்பான்."

"நல்ல வேளை, இன்னைக்கு அடிக்க ஆளில்லை. காலையில வர்ற வழியில சந்துப்பக்கம் போயிட்டுத்தான் வந்தேன். வேலை நடக்குது, சாயங்காலம் வரைக்கும் சுவரைத் தொடாதீங்கன்னு சொல்லலாம்னு. கம்பிக் கதவு பூட்டியிருக்கு. இத்தனாம் பெரிய பூட்டு."

சின்னவள் துடைப்பத்தை நிறுத்தினாள். "பூட்டியிருக்கா? காலையில எப்ப பார்த்தீங்க?"

"வரும்போதுதான். ஏன்?"

"இல்ல. நான் பொண்ணுக்குச் சாப்பாடு கட்டும்போது சத்தம் கேட்டுச்சு."

"பூட்டிட்டுப் போறதுக்கு முன்னால அடிச்சிருப்பான்," என்றான் புருஷன். "வேலைக்குப் போறப்ப ஒண்ணு, வந்து ஒண்ணு. கடமை."

அவள் மறுபடி கூட்ட ஆரம்பித்தாள். அக்கா ஊரில் இல்லை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் சந்து முனையில் கார் வந்து நின்றதையும், மூத்தவர் பையோடு ஏறினதையும் பார்த்தாள். பின்சீட்டில் அக்காவின் புடவைத் தலைப்பு தெரிந்தது. அக்கா மகளுக்குப் பிரசவமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மூத்தவர் பிறகு தனியாகப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவதைக் கடைத்தெருவில் பார்த்தபோது அது உறுதியாயிற்று. நமக்கொரு வார்த்தை சொல்லவில்லையே என்று மனசு கசந்தது. அதோடு விட்டுவிட்டாள்.

பெயர்த்த இடத்தில் இப்போது பட்டைகள் மட்டும் விலா எலும்புபோல் வரிசையாகத் தெரிந்தன. சந்துகளுக்குள் இருட்டு. ஒரு கை அகல இருட்டுக்கு அப்பால் அந்தப் பக்கத்துப் பட்டைகளின் முதுகு. பூச்சுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆணி பிடித்திருக்கிறதா என்று பார்க்க, சுத்தியலின் கட்டையால் ஒரு பட்டையை மெதுவாகத் தட்டினார். ஒரே ஒரு தட்டு.

அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு கேட்டது.

டொக். டொக்.

பட்டை இடுக்கிலிருந்து கொஞ்சம் தூசு உதிர்ந்தது.

"யாருங்க அது," என்றார் பூச்சுக்காரர் கடுப்பாக. "மேல் பாதி இன்னும் நிக்குது. தட்டினா எம்மேலதான் விழும்."

"பூட்டின வீட்டுல யாரு தட்டுறது? எலியா இருக்கும்," என்றான் வேன்காரன்.

"எலி எண்ணித் தட்டாது."

சின்னவள் கையை நீட்டி அதே பட்டையில் ஒரு தட்டு தட்டினாள். புருஷன் "ஏய்" என்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதே இரண்டு. ஸ்டீல் டம்ளரின் அடிப்பாகம் சுவரில் படுகிற சத்தம். இந்த முறை அவசரமாக.

"அக்கா," என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா? அண்ணி ஊர்லயே இல்லைன்னு நீதானே சொன்னே?"

"அக்காதாங்க. எனக்கும் அக்காவுக்கும்தான் இது தெரியும். நான் கல்யாணமாகி வந்த புதுசுல உங்கம்மாவுக்குப் பயந்துக்கிட்டு வாயைத் திறக்க மாட்டேன். அப்ப அக்கா சொல்லிக் குடுத்தது. ஒரு தட்டுன்னா இருக்கியான்னு அர்த்தம். திருப்பி ஒண்ணு தட்டினா இருக்கேன். ரெண்டு தட்டுன்னா வா." பட்டையில் கையை வைத்துக்கொண்டாள். "இத்தனை நாளும் கேட்டது ஆணி இல்லைங்க. ஒவ்வொண்ணா வந்துச்சே, ஒரு தட்டு, ஒரு தட்டுன்னு. இருக்கியா இருக்கியான்னு கேட்டிருக்காங்க. நான் ஒரு தடவைகூடத் திருப்பித் தட்டலை. முன்னெல்லாம் அடுப்படிப் பக்கம்தான் தட்டுவாங்க, இங்க தாழக் கேட்டதால எனக்குப் புத்தியில உறைக்கலை. இன்னைக்கு இவரு காலையிலேர்ந்து ஒவ்வொண்ணாத் தட்டிக்கிட்டே இருந்தாருல்ல, நான்தான் பதில் சொல்றேன்னு நெனச்சுட்டாங்க. அதான் இப்ப வான்னு ரெண்டு தட்டுறாங்க."

பூச்சுக்காரர் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். அந்த விரல் அப்படி என்னென்ன பேசியிருக்கிறதோ என்று அவருக்குக் கவலையாகிவிட்டது.

"சரி, அப்படியே அண்ணி இருந்தாலும்," என்றான் வேன்காரன், குரலை இறக்கி, "கூப்பிட்டா நீ போயிருவியா? அவன் வாசப்படியை மிதிக்கிறதில்லைன்னு சொல்லியிருக்கேன்."

"நீங்கதானே சொன்னீங்க."

"உனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்."

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ தரையில் இழுபட்டது. கட்டில் கால் நகர்கிற சத்தம். அப்புறம் ஒரு பாரம் வழுக்கி விழுந்து சுவரில் மோதினது. டம்ளர் உருண்டு ஓடி நின்றது. மேல் பாதிப் பூச்சில் புதுசாக ஒரு விரிசல் சரசரவென்று ஏறிற்று. பிறகு ஒரு முனகல். வார்த்தை இல்லாத முனகல், வாயை மூடிக்கொண்டு அழுகிற மாதிரி.

வேன்காரன் செருப்புகூடப் போடாமல் ஓடினான். முட்டிவரை சுண்ணாம்பு. தெருவைச் சுற்றிச் சந்துக்குள் போய்க் கம்பிக் கதவை உலுக்குகிற சத்தம் இந்தப் பக்கம்வரை கேட்டது. சின்னவள் பட்டைகளில் முகத்தை வைத்து, "அக்கா, நான்தான். இருக்கேன். அசையாதீங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முனகல் பதில் சொல்லப் பார்த்தது. அதில் ஒரு எழுத்துகூட உருவாகவில்லை.

ஓடினவன் திரும்பி வந்தான். "பூட்டு அசையலை. கம்பிக் கதவுக்கு உள்ள மரக்கதவு, அதுலயும் பூட்டு. ரெண்டையும் உடைக்க அரைநாளாகும். அண்ணனுக்குப் போன் போடு."

"நம்ம நம்பரைத்தான் அவரு எடுக்க மாட்டாரே."

பூச்சுக்காரர் தன் போனை நீட்டினார். வேன்காரனுக்கு அண்ணன் நம்பர் மனப்பாடமாக இருந்தது. சண்டை போட்டவன் நம்பரை இத்தனை நாள் மனசில் வைத்திருந்தானே என்று சின்னவளுக்கு அந்த நேரத்திலும் தோன்றியது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் ஓடுகிற இடத்தில் யாருக்குக் கேட்கும்? இரண்டாம் தடவையும் அடித்து ஓய்ந்தது.

அந்தப் பக்கம் முனகல் நின்றுவிட்டது. மூச்சு மட்டும் கேட்டது. அது அடைபட்டு அடைபட்டு வந்தது.

"சுவத்தை அறுங்க," என்றான் வேன்காரன்.

"எதை?"

"பட்டையை அறுங்கன்னேன்."

பூச்சுக்காரர் ஒரு நொடி பட்டைகளைப் பார்த்தார். ஒன்றைக்கூட உடைக்காமல் காலையிலிருந்து வெளியே எடுத்துவைத்த வரிசை. பையிலிருந்து கையடக்க ரம்பத்தை எடுத்தார். "அறுக்கிறேன். ஆனா நான் சொல்றபடி கேட்கணும். அந்தம்மா எங்க கிடக்காங்கன்னு தெரியாம அந்தப் பக்கம் தள்ளினா பூச்சு மொத்தமா அவங்க தலையில இறங்கும். எல்லாத்தையும் இந்தப் பக்கம்தான் இழுக்கணும். சாக்கை நனைச்சுக்கிட்டு வாங்க."

இந்தப் பக்கத்துப் பட்டைகள் சீக்கிரம் போயின. மரக்காலை ஒட்டி இரண்டு ஓரத்திலும் அறுத்து ஒவ்வொன்றாக உருவினார். பழைய மரம், பிஸ்கட் மாதிரி அறுபட்டது. அந்தப் பக்கத்துப் பட்டையில் முதலில் ஒரே ஒரு சந்தை நோண்டிப் பொத்தல் போட்டார். டார்ச்சை அடித்து ஒரு கண்ணை வைத்தவர் உடனே விலகிக்கொண்டார். "நீங்களே பாருங்க."

வேன்காரன் பார்த்தான். கட்டில் விளிம்பு தெரிந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்த இடுக்கில் நரைமுடி. ஒரு தோள். தலை கீழே புதைந்து, கன்னம் சுவரோடு அழுந்தியிருந்தது. ஒரு கை மட்டும் மேலே வந்து, விரல்கள் கட்டில் சட்டத்தைப் பற்றிப் பற்றி நழுவின.

"அண்ணிதான்," என்றான். அவனுடைய அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் இவனுக்கு ராத்திரி ஷிஃப்ட். எந்நேரம் வந்தாலும் எழுந்து அடுப்பு மூட்டிச் சோறு போட்ட கை அது. "அண்ணி, நான்தான். பயப்படாதீங்க. இதோ வந்துட்டோம். இதோ."

பொத்தலிலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளி, கட்டில் உயரத்துக்கு மேலே அறுத்தார்கள். பூச்சுக்காரர் அறுக்க, வேன்காரன் நனைத்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு துண்டு துண்டாகத் தன் பக்கம் இழுத்தான். ஆணி கிழித்து உள்ளங்கையில் ரத்தம் வந்தது, பார்க்கவில்லை. ஒரு பெரிய துண்டு அவன் பேச்சைக் கேட்காமல் அந்தப் பக்கம் சாய்ந்தது. சின்னவள் பாய்ந்து அதன் விளிம்பைப் பிடித்தாள். மூன்று பேர் கையும் ஒரே துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றன. மெல்ல மெல்ல அது இந்தப் பக்கம் வந்தது.

திறப்பு ஒரு முழ அகலம்கூட இல்லை. இரண்டு பக்கமும் மரக்கால். அதை அறுத்தால் மேலே இருக்கிறது இறங்கிவிடும். வேன்காரன் தோளை நுழைத்துப் பார்த்தான், தோள் நின்றது. பூச்சுக்காரர் தன் வயிற்றைப் பார்த்துவிட்டு முயற்சியே செய்யவில்லை.

"நான் போறேன்," என்றாள் சின்னவள்.

காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று அவளைக் கேலி பண்ணாத நாளில்லை அந்த வீட்டில். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தாள். மரக்கால் முதுகைச் சிராய்த்தது. புருஷன் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டான். கட்டில் மேல் விழுந்து, அந்தப் பக்கம் குதித்து, கட்டிலைப் பிடித்து இழுத்தாள். கால்கள் கிறீச்சிட்டு நகர்ந்தன. அக்காவின் உடம்பு மெதுவாகச் சரிந்து தரையில் மல்லாந்தது. தலையைத் தூக்கி மடியில் வைத்ததும், நெஞ்சு ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தது. சின்னவளுக்கு அப்போதுதான் தன்னுடைய மூச்சும் வந்தது.

வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை துணிபோலக் கிடந்தது. ஆனால் கண் அதே கண்தான். அது சின்னவளை மேலும் கீழும் பார்த்தது. சுண்ணாம்பு படிந்த தலையைப் பார்த்தது. கோணின வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. சிரிக்கிறாள் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்னாச்சுக்கா? யாருமே சொல்லலையே. சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே இருந்தேன். பாவி, பக்கத்துலயே இருந்துக்கிட்டு ஆணி அடிக்கிறாங்கன்னு திட்டிக்கிட்டு இருந்தேனே."

தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்பு, மாத்திரை அட்டை, வாய் துடைக்க மடித்து வைத்த துணி, எல்லாம் எட்டுகிற தூரத்தில் ஒழுங்காக இருந்தன. அந்த ஒழுங்கைப் பார்த்தபோது மூத்தவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. துணியை நனைத்து அக்காவின் முகத்தைத் துடைத்தாள்.

வெளியே கம்பிக் கதவில் சாவி திரும்பியது. அப்புறம் மரக்கதவில். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த மூத்தவர், கையில் சோற்றுப் பொட்டலத்தோடு அறை வாசலில் நின்றார். அறை முழுக்க வெள்ளைத் தூசு. பெண்டாட்டி தரையில், தம்பி பெண்டாட்டியின் மடியில். சுவரில் ஒரு ஓட்டை. ஓட்டையில் தம்பியின் முகம்.

"கட்டில்லேர்ந்து விழுந்துட்டாங்க மாமா," என்றாள் சின்னவள். "இப்ப பரவாயில்லை. மூச்சு சீரா இருக்கு."

அவர் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேஜையில் வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி வைத்தார். குனிந்து பெண்டாட்டியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பயம் தெளிந்ததும் பழைய கோபம்தான் முதலில் வந்தது. "யாரு உன்னை உள்ள வரச் சொன்னா? என் வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல."

"நான் மிதிக்கலையே மாமா. சுவத்து வழியாத்தான் வந்தேன்."

அவர் ஓட்டையைப் பார்த்தார்.

"ஏண்ணே சொல்லலை?" என்றது ஓட்டையிலிருந்த முகம்.

"யாருகிட்ட? உன்கிட்டயா?" மூத்தவர் தம்பியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "எம் பொண்ணைப் பத்தி வந்தவன்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னே. இவ வாய் கோணிப்போனதையும் நாலு பேருகிட்ட சொல்லிச் சிரிக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

வேன்காரன் மரக்காலைப் பிடித்துக்கொண்டான். கையிலிருந்து ரத்தம் மரக்காலில் வழிந்தது. "தப்புதாண்ணே," என்றான் கடைசியில். "அன்னைக்கே சொல்லியிருக்கணும். தப்புதான்."

பூச்சுக்காரர் பின்னால் எங்கோ இருமினார்.

"பூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ஆசையா?" என்றார் மூத்தவர். இப்போது குரல் தணிந்திருந்தது. "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மறுநாளே எழுந்து வாசல்வரைக்கும் போயி விழுந்துட்டா. எங்க போகணும்னு கேட்டா சொல்லத் தெரியலை. அதுலேர்ந்து பூட்டிட்டுத்தான் போறேன். கையும் சும்மா இருக்காது. டம்ளரை வெச்சு சுவத்துல தட்டிக்கிட்டே இருப்பா. நோவோட கோளாறு, கை தானா ஆடுதுன்னு விட்டுட்டேன். ஒரு நாள் டம்ளரைப் பிடுங்கிக்கூட வெச்சேன். அன்னைக்கு முழுக்கச் சாப்பிடலை."

"கோளாறு இல்லை மாமா," என்றாள் சின்னவள். "என்னைத்தான் கூப்பிட்டாங்க."

"என்ன?"

"ஒரு தட்டுன்னா இருக்கியான்னு அர்த்தம். எங்க ரெண்டு பேருக்கும் பழைய வழக்கம். வாசல்வரைக்கும் போனதும் எங்க வீட்டுக்கு வரத்தான் இருக்கும்."

மூத்தவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தரையில் உருண்டு கிடந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் அடி வட்டம் முழுக்க நசுங்கியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் சுவரிலும் முட்டி உயரத்தில் சின்னச் சின்னப் பிறைகளாகத் தடம் பதிந்திருந்தது. தினமும் பார்த்த தடம்தான்.

"நான் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டே இருந்திருக்கேன்," என்றார். "தட்டாதே தட்டாதேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு."

இந்தப் பக்கம் சட்டியில் கலவை இறுக ஆரம்பித்திருந்தது. பூச்சுக்காரர் அதைக் கரண்டியால் குத்திப் பார்த்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கேட்டேவிட்டார். "இதை இப்ப என்ன பண்றது?"

மூத்தவர் எழுந்து ஓட்டையருகே வந்தார். அண்ணனும் தம்பியும் இவ்வளவு கிட்டத்தில் முகம் பார்த்து வெகுநாளாகியிருந்தது. தம்பியின் உள்ளங்கையை அவர் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"கையைக் கட்டுடா முதல்ல. திருடன் மாதிரி சுவத்துல நின்னுக்கிட்டு என்ன பேச்சு? அண்ணியைத் தூக்கிக் கட்டில்ல போட ஆள் வேணும். வாசல் வழியா வா."

வேன்காரன் நகரவில்லை. சரியாகத்தான் கேட்டோமா என்று நின்றான்.

"வாசல் திறந்துதான் இருக்கு. வாடா."

ஓட்டையிலிருந்து முகம் மறைந்தது. பெரிய தெருவில் வெறுங்காலோடு ஓடுகிற சத்தம் கேட்டது. தெரு முனையைச் சுற்றிச் சந்துக்குள் வர வேண்டும். மூத்தவர் வாசலுக்குப் போய், கம்பிக் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

சின்னவளின் மடியில் அக்காவின் இடது கை அசைந்தது. டம்ளரைத் தேடுகிறாள் என்று நினைத்தாள். தேடவில்லை. மடங்கின ஒரு விரல் தரையில் ஒரு தட்டு தட்டியது.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விரலை மடக்கி, அதே இடத்தில், நன்றாகக் கேட்கும்படி ஒரு தட்டு தட்டினாள்.